படகுகளில் கார்பன் மோனாக்சைடு: கணக்கில் வராத ஓர் இழப்பு

(மீன்வளம், உள்நாட்டு நீர்வழி ஆகிய துறைகளின் அலுவலர்களும் பொருளியல் மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

படகில் செல்வோர் நீருக்கு அஞ்சுவர், புயலுக்கு அஞ்சுவர், தீக்கும் அஞ்சுவர். தாம் உள்ளிழுக்கும் காற்றுக்கு அஞ்சுவோர் மிகச் சிலரே. ஆயினும், எஞ்சின் பொருத்திய படகிலும், அடுப்பெரியும் படகிலும், ஜெனரேட்டர் இயங்கும் படகிலும் உயிரைப் பறிக்கவல்ல ஒரு வாயு உண்டாகிறது. கார்பன் மோனாக்சைடு என்பது அதன் பெயர். அந்த வாயுவின் தன்மை நூறாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்டதே. அதனால் நேரும் இழப்பைத் தடுக்கும் வழிகளும் எளியவை, செலவு குறைந்தவை. அவ்வாறிருந்தும் அவ்விழப்பு தொடர்வது ஏன் என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

2023 மே 7 அன்று கேரள மாநிலத்தின் தானூரில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். நாடே அதிர்ச்சியுற்றது, நீதி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, படகுகளின் உரிமம், பயணிகளின் எண்ணிக்கை, உயிர்காப்புச் சட்டை ஆகியவை பற்றிய கேள்விகள் எழுந்தன. கண்ணெதிரே நிகழும் விபத்துக்கு இத்தகைய வலிமை உண்டு. ஆனால், கரையோரம் கட்டப்பட்ட படகின் அறையில் இருவர் உறக்கத்திலேயே இறந்துகிடந்தால், மாரடைப்போ, மதுவோ, கெட்ட உணவோ காரணமாக இருக்கலாம் என்றே முதலில் எண்ணத் தோன்றும். அறையின் காற்றை அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை. கதவைத் திறந்த சில நிமிடங்களில் சான்றும் காற்றோடு கலந்து மறைந்துவிடுகிறது.

வாயுவின் இயல்பு

எரிபொருள் முழுமையாக எரிவதற்குப் போதிய பிராணவாயு கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு தோன்றுகிறது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு, விறகு, கரி ஆகிய எதுவும் இதற்கு விலக்கன்று. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காற்றைவிடச் சற்றே இலேசானது. ஆகையால் அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராகப் பரவுகிறது. தரையில் படுத்தாலும் மேல்தட்டில் படுத்தாலும் இதிலிருந்து தப்ப இயலாது.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நுரையீரலில் பிராணவாயுவை ஏற்று உடலெங்கும் கொண்டு செல்கிறது. அதே ஹீமோகுளோபினுடன் கார்பன் மோனாக்சைடு இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் இணைந்துகொள்கிறது. இதனால் காற்றில் மிகச் சிறிய அளவில் இருந்தாலும், நேரம் செல்லச் செல்ல அது இரத்தத்தில் சேர்ந்து, பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூளையும் இதயமுமே முதலில் பாதிக்கப்படும் உறுப்புகள்.

காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 200 பங்கு இருந்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி தோன்றும். 800 பங்கு இருந்தால், முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் ஏற்பட்டு, இரண்டு மணி நேரத்திற்குள் நினைவு தப்பும். 1,600 பங்கு இருப்பின், ஒரு மணி நேரத்திற்குள் மரணம் நேரக்கூடும். 12,800 பங்கை எட்டினால், அதாவது காற்றில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவுக்குச் சேர்ந்தால், ஓரிரு நிமிடங்களே போதும்.

படகைப் பொறுத்தவரை இதிலுள்ள பெருந்தொல்லை வேறொன்று. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு ஆகிய இவ்வறிகுறிகள் அனைத்தும் கடல்நோயின் அறிகுறிகளே. படகில் ஒருவர் வாந்தியெடுத்தால், உள்ளே சென்று சற்றுப் படுத்திருக்குமாறு அன்புடன் கூறுவது வழக்கம். அந்த அறையிலேயே நச்சுவாயு நிறைந்திருக்குமாயின், அவரை ஆபத்தினுள் அனுப்பியதாகவே முடியும். ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி வருவதும், திறந்த தளத்திற்கு வந்ததும் அது தணிவதும் கடல்நோய்க்கு உரியவையல்ல. அவை நச்சுவாயுவின் அடையாளங்கள். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வதாலேயே சில உயிர்கள் காப்பாற்றப்படலாம்.

படகில் அபாயம் மிகுவது ஏன்?

திறந்த வெளியில் காற்றோட்டத்திற்குக் குறைவில்லையே, நீர்ப்பரப்பின் நடுவே வாயு எவ்வாறு தேங்கும் என்று கேட்கலாம். இதற்கான விடை படகின் அமைப்பில் உள்ளது. மழையும் அலைநீரும் உட்புகாதவாறு படகின் அறைகள் இறுக்கமாக அமைக்கப்படுகின்றன. எஞ்சின், எரிபொருள் தொட்டி, அடுப்பு, படுக்கை ஆகிய அனைத்தும் சில மீட்டர் தொலைவுக்குள் அடங்குகின்றன. எஞ்சின் அறைக்கும் படுக்கை அறைக்கும் இடையே ஒரு மெல்லிய மரத்தடுப்பு மட்டுமே இருப்பதுண்டு. மின்கம்பி செல்வதற்காக இடப்பட்ட ஒரு துளையே வாயுவுக்குப் போதிய வழியாகிவிடும்.

உப்புக்காற்றாலும் அதிர்வாலும் புகைக்குழாய் விரைவில் துருப்பிடித்து வெடிப்புறுகிறது. புகைக்குழாய் சீராக இருந்தாலும் அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை. படகு முன்னோக்கிச் செல்லும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. பின்புறம் வெளியேறிய புகை மீண்டும் அறையை நோக்கி இழுக்கப்படுகிறது. படகு நின்றிருக்கையில் எஞ்சினோ ஜெனரேட்டரோ இயங்கினால், புகை அங்கேயே தங்குகிறது. படகுகள் அருகருகே கட்டப்பட்டிருந்தால், ஒரு படகின் புகை அடுத்த படகின் சன்னலுக்குள் நுழைகிறது.

எரிபொருளுக்கு ஏற்பவும் அபாயம் வேறுபடும். டீசல் எஞ்சினைவிடப் பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்கள் பன்மடங்கு அதிகமான கார்பன் மோனாக்சைடை வெளியிடுகின்றன. விலை குறைவாகக் கிடைக்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர்கள் இவ்வகையில் தனிக் கவனத்திற்குரியவை.

பவல் ஏரியின் பாடம்

இந்த அபாயத்தை எண்ணிக்கை வடிவில் முதன்முதலாகத் தெளிவுபடுத்திய நிகழ்வுகளுள் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கான்யன் அணையால் உருவானது பவல் ஏரி. படகுவீடுகளுக்குப் பெயர்பெற்ற அவ்வேரியில், 2000 ஆகஸ்டு மாதத்தில், ஒரு படகுவீட்டின் பின்புறம் நீந்திக்கொண்டிருந்த சகோதரர் இருவர் இறந்தனர். ஒருவனுக்கு 11 வயது. மற்றவனுக்கு 8 வயது. படகின் பின்புற மேடைக்கு அடியிலிருந்த இடைவெளியில் ஜெனரேட்டரின் புகை வெளியேறித் தேங்கியிருந்தது. அத்தகைய இடைவெளிகளில் கார்பன் மோனாக்சைடு பத்து இலட்சத்தில் 10,000 பங்கையும் தாண்டியிருந்தது பின்னர் அளவிட்டு அறியப்பட்டது.

அதன்பின் பழைய பதிவேடுகள் புரட்டப்பட்டன. 1990 முதல் 2000 வரையிலான காலத்தில் அந்த ஓர் ஏரியில் மட்டும் 111 பேர் இவ்வாயுவால் பாதிக்கப்பட்டதும், அவர்களுள் 9 பேர் இறந்ததும் வெளிப்பட்டன. 74 பேர் படகுவீடுகளில் பாதிக்கப்பட்டவர்கள். அவர்களுள் 64 பேரின் பாதிப்புக்கு ஜெனரேட்டரின் புகை மட்டுமே காரணம். நீரில் மயங்கி விழுபவர் மூழ்கிவிடுவார்; ஆகையால் இத்தகைய மரணம் நீரில் மூழ்கிய மரணமாகவே தோற்றமளிக்கும். தேடிப் பார்க்கும் வரை இந்த எண்ணிக்கை எவருடைய கவனத்திற்கும் வரவில்லை என்பதே இதிலுள்ள படிப்பினை.

தீர்வு அரிதானதாக இல்லை. ஜெனரேட்டரின் புகையை நீர்மட்டத்தருகே விடாமல், செங்குத்தான குழாய் வழியாக மேல்தளத்திற்கும் மேலே கொண்டுசென்று வெளியேற்றலாம் எனப் பொறியாளர்கள் காட்டினர். தளத்திலும் பின்மேடையிலும் வாயுவின் அளவு பெரிதும் குறைந்தது.

பிரிட்டனின் பட்டறிவும் இதைப் போன்றதே. 2013 ஏப்ரலில் விண்டர்மியர் ஏரியில், எஞ்சின் அறையில் வைத்து இயக்கப்பட்ட ஒரு சிறு ஜெனரேட்டரின் புகை படகின் அறையில் பரவியதால் தாயும் மகளும் இறந்தனர். 2014 ஜனவரியில் விட்பி துறைமுகத்தில் நின்றிருந்த மீன்பிடிப் படகில், குளிர் தாளாமல் எரிவாயு அடுப்பைக் கணப்பாக எரியவிட்டு உறங்கிய மீனவர் இருவர் விழித்தெழவில்லை. ஓர் எச்சரிக்கைக் கருவி இருந்திருப்பின் இவ்வுயிர்கள் தப்பியிருக்கக்கூடும். 2019 ஏப்ரல் 1 முதல், அந்நாட்டின் படகுப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், தங்கும் அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

இந்திய நீர்நிலைகளில்

இந்தியாவில் இந்த அபாயம் வளர்ச்சியோடு உடன்வந்த ஒன்று எனலாம். பாய்மரத்தாலும் துடுப்பாலும் இயங்கிய திறந்த படகில் இதற்கு இடமில்லை. 1952-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி கேரளக் கரையில் தொடங்கிய இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் பணிக்கு வித்திட்டது. உற்பத்தி பெருகியது. பின்னர், கரையோர மீன்வளம் குறையவே, படகுகள் ஆழ்கடலை நாடின. காலையில் சென்று மாலையில் திரும்பிய நிலை மாறி, வேராவல் போன்ற துறைமுகங்களின் இழுவலைப் படகுகள் பல நாட்கள் கடலிலேயே தங்கின. தண்டேல் எனப்படும் படகுத் தலைவரும் கலாசிகளும் அப்படகிலேயே சமைத்து உண்டு, எஞ்சினுக்கு அருகிலேயே உறங்க வேண்டியதாயிற்று.

சுற்றுலாத் துறையிலும் இதே போக்கைக் காணலாம். குட்டநாட்டில் நெல்லும் சரக்கும் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் 1990-களின் தொடக்கத்திலிருந்து படகுவீடுகளாக உருமாறின. மூங்கிலும் பாயும் வேய்ந்த பழைய கூரையில் காற்று தாராளமாக உலவியது. குளிர்சாதன வசதி வந்தபின் கண்ணாடிச் சன்னல்கள் அடைக்கப்பட்டன. இரவில் குளிர்சாதனத்தை இயக்க ஜெனரேட்டர் தேவைப்பட்டது. விருந்தினர் அடைத்த அறையில் உறங்குகின்றனர். படகுப் பணியாளரோ பெரும்பாலும் சமையற்கட்டின் அருகிலும் பின்புறத்திலும், அதாவது ஜெனரேட்டரின் அண்மையில், உறங்குகின்றனர். மாலையில் படகுகள் வரிசையாகக் கரையில் கட்டப்படுவதால், ஒன்றன் புகை மற்றொன்றைத் தாக்கும் வாய்ப்பும் மிகுதியாகிறது.

இது கற்பனையான அச்சமன்று என்பதற்கு நிலத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 2024 டிசம்பரில், கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வாகனத்தில் இருவர் இறந்துகிடந்தனர். குளிர்சாதனத்திற்காக இயக்கப்பட்ட ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உட்புகுந்ததே காரணம் என வல்லுநர்களின் ஆய்வில் தெரியவந்தது. அடைத்த அறை, அதனையொட்டிய ஜெனரேட்டர், உறங்கும் மனிதர் என்னும் அந்த அமைப்புக்கும் படகுவீட்டின் அமைப்புக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

காஷ்மீரின் தால், நிகீன் ஏரிகளில் நிலைமை வேறு. அங்குள்ள தேவதாரு மரப் படகுவீடுகள் ஓரிடத்திலேயே நிற்பவை. அங்கே அபாயம் எஞ்சினிலிருந்து வருவதில்லை, கணப்பிலிருந்து வருகிறது. டிசம்பர் 21-இல் தொடங்கும் 'சில்லை கலான்' எனும் நாற்பது நாள் கடுங்குளிரில், புகாரி அடுப்பும் காங்கிரிச் சட்டியும் இன்றி இரவைக் கழிப்பது அரிது. புகாரியின் குழாயில் கரி அடைத்துக்கொண்டாலும், தணல் நிறைந்த சட்டியை அடைத்த அறையினுள் வைத்து உறங்கினாலும் விளைவு ஒன்றே.

மீன் சேமிக்கும் அறையில் நேரும் மரணங்களை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அழுகிய மீனிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படுவதும், பிராணவாயு குறைவதும் அங்கே காரணங்களாகும். கார்பன் மோனாக்சைடை உணரும் கருவி அவ்வாயுவைக் காட்டாது. ஆயினும் ஒரு விதி இரண்டுக்கும் பொது: மயங்கி விழுந்தவரை மீட்கப் பதறி உள்ளே இறங்குபவரே இரண்டாவது பலியாகிறார்.

கணக்கும் பொறுப்பும்

இனி, இதன் பொருளியலைக் காண்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரண அறிக்கையில், படகு கவிழ்ந்து மூழ்கியோர் தனியே எண்ணப்படுகின்றனர். படகில் கார்பன் மோனாக்சைடால் இறந்தோருக்குத் தனித் தலைப்பு இல்லை. தலைப்பில்லாத இழப்புக்கு எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாத இழப்புக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடும் எளிதில் கிடைப்பதில்லை.

மற்றொரு காரணம் உரிமையின் அமைப்பில் உள்ளது. விசைப்படகுகளில் பங்கு முறை பரவலாக வழங்குகிறது. டீசல், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவைக் கழித்தபின் எஞ்சியதை உரிமையாளரும் பணியாளரும் பகிர்ந்துகொள்கின்றனர். ஆனால், படகைப் பழுதுபார்க்கும் செலவு உரிமையாளருடையது. துருப்பிடித்த புகைக்குழாயை மாற்றுவதற்கான பணம் ஒருவருடையது. மாற்றாமையால் விளையும் ஆபத்து மற்றொருவருடையது. செலவும் ஆபத்தும் இவ்வாறு இரு வேறு கைகளில் இருக்கும்போது, சந்தை தானாகவே பாதுகாப்பைத் தந்துவிடும் என எதிர்பார்க்க இயலாது. விதியும் ஆய்வும் தேவைப்படுவது இங்கேதான்.

பெரிய கப்பல்களின் நிலை இவ்வகையில் மேம்பட்டது. அடைபட்ட அறைகளுள் இறங்குமுன் காற்றைச் சோதிக்கும் கருவிகளை வைத்திருப்பதைப் பன்னாட்டுக் கடல்சார் விதிகள் 2016 ஜூலை முதல் கட்டாயமாக்கின. இந்தியாவின் மீன்பிடிப் படகுகளோ இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவை அவ்விதிகளின் வரம்புக்கு அப்பாற்பட்டவை.

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில், இறந்த மீனவரின் குடும்பத்திற்கு 5 இலட்சம் ரூபாய் வழங்க வகை செய்யப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. எனினும், ஓர் எச்சரிக்கைக் கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய் மட்டுமே. இறந்தபின் தரும் ஒருவருக்கான இழப்பீட்டுத் தொகையைக் கொண்டு நூறு படகுகளுக்கேனும் இக்கருவியை வாங்கிவிடலாம். குடும்பத் தலைவரை இழந்த வீட்டில் பிள்ளைகளின் கல்வி நிற்பதும், கடன் பெருகுவதும் இக்கணக்கில் சேராத செலவுகள்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆய்வு. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், படகுகளின் பதிவுக்கும் ஆய்வுக்கும் நாடு தழுவிய ஒரு சட்டகத்தைத் தந்தது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர், எஞ்சினையும் உயிர்காப்புச் சட்டைகளையும் பார்ப்பதோடு, புகைக்குழாய் எங்கே முடிகிறது, எஞ்சின் அறைத் தடுப்பில் துளைகள் உள்ளனவா, படுக்கை அறைக்கு அடைக்க இயலாத காற்றுவழி உண்டா என்ற மூன்று கேள்விகளையும் கேட்கலாம். இதற்குக் கூடுதல் பணியிடமோ பெருஞ்செலவோ தேவையில்லை.

இரண்டாவதாக, காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும் 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வருமான இழப்பின்றிப் புகைக்குழாய்களைச் சோதித்து மாற்றுவதற்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை. தடைக்காலப் பழுதுபார்ப்புப் பட்டியலில் இதனையும் ஓர் இனமாகச் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவதாக, கருவி. உறங்கும் அறையுள்ள ஒவ்வொரு படகிலும் கடற்காற்றைத் தாங்கவல்ல எச்சரிக்கைக் கருவி ஒன்று பொருத்தப்பட வேண்டும். படகுவீடுகளில் விருந்தினர் அறையில் மட்டுமன்றிப் பணியாளர் உறங்கும் இடத்திலும் அது இருத்தல் இன்றியமையாதது. கருவி இருப்பதனாலேயே காற்றுவழியை அடைத்துவிடலாம் என எவரும் கருதலாகாது.

நான்காவதாக, பயிற்சி. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வள, கடல்சார், பொறியியல் பயிற்சி நிறுவனம் படகு இயக்குநர்களுக்கும் எஞ்சின் இயக்குநர்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ்க் கடலோரச் சிற்றூர்களில் 'சாகர் மித்ரா' பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். கடல்நோய்க்கும் நச்சுவாயுவுக்கும் உள்ள வேறுபாட்டை மீனவரின் மொழியில் எடுத்துரைக்க இவர்களைக் காட்டிலும் தக்கவர் இலர்.

ஐந்தாவதாக, மருத்துவம். பாதிக்கப்பட்டவரை உடனே திறந்த வெளிக்குக் கொணர்ந்து, எஞ்சினை நிறுத்தி, தூய பிராணவாயு அளிக்க வேண்டும். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நச்சின் அளவு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய பிராணவாயு அளித்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அது நிகழும். 2020-க்குப் பின் பரவலாகிவிட்ட, விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டரை இதில் நம்புவது தவறு. கார்பன் மோனாக்சைடு இணைந்த ஹீமோகுளோபினையும் பிராணவாயு இணைந்ததாகவே அது கணக்கிடுவதால், மரணத்தின் விளிம்பில் உள்ளவருக்கும் அது இயல்பான எண்ணைக் காட்டிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரும் செவிலியரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாக, பதிவு. படகில் விளங்காக் காரணத்தால் நேரும் ஒவ்வொரு மரணத்திலும், எஞ்சினோ ஜெனரேட்டரோ அடுப்போ இயங்கியதா என்பதைக் காவல் துறையின் முதல் விசாரணையிலேயே குறித்தல் வேண்டும். பிணப் பரிசோதனையின்போது இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவைக் கண்டறியக் கோர வேண்டும். நீரில் மூழ்கியதாகத் தோன்றும் மரணத்திற்கும், படகின் அருகே நேர்ந்ததாயின், இது பொருந்தும்.

இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதன்று. பவல் ஏரியில் மாற்றம் தொடங்கியது பெருஞ்செலவினால் அன்று. பழைய பதிவேடுகளைச் சிலர் பொறுமையுடன் புரட்டிப் பார்த்ததால். வேராவலிலும் ஆலப்புழையிலும் ஸ்ரீநகரிலும் அத்தகைய பதிவேடுகள் அலுவலகங்களில் உள்ளன. அவற்றைப் படிக்கும் அலுவலரும், அவற்றை ஆய்வுப் பொருளாக ஏற்கும் மாணவரும் இப்பணியைத் தொடங்கலாம். எண்ணிக்கை தெரிந்துவிட்டால், விதியும் ஒதுக்கீடும் கேட்பதற்கு வலுவான சான்று கையில் இருக்கும்.